சேர்ந்து காக்கும் ஆட்டம்: ‘டன்ஜன் டிஃபெண்டர்ஸ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்கு அண்மையில் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கிறேன். சனிக்கிழமை மாலை பாடம் முடிந்ததும் ஒரு மணித்தியாலம் ஆட்டத்துக்கு விடுவது வழக்கம். அந்த நேரத்தில் அவர்கள் பெரும்பாலும் ஆடுவது ‘டன்ஜன் டிஃபெண்டர்ஸ்’. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நிற்கும் தாய் தகப்பன்மார் உள்ளிருந்து வரும் கூச்சலைக் கேட்டு என்னிடம் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது என்ன ஆட்டம்?

ஒரு கோட்டை. அதன் நடுவே ஒளிரும் பெரிய கல் ஒன்று. பல வாசல்களால் எதிரிகள் அலை அலையாக வந்து அந்தக் கல்லை உடைக்கப் பார்ப்பார்கள். நால்வர் வரை சேர்ந்து அதைக் காக்க வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருந்த டிரெண்டி என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனம் 2011 ஒக்டோபரில் இதை வெளியிட்டது.

இதில் இரண்டு வகை ஆட்டங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. எதிரி வரும் வழியில் கோபுரங்களையும் தடைகளையும் கட்டுவது கோபுரப் பாதுகாப்பு வகை. நமக்கென்று ஒரு நாயகனை எடுத்து, அவனுக்கு அனுபவமும் ஆயுதமும் சேர்த்து வளர்ப்பது பாத்திரமேற்று ஆடும் வகை. வழமையான கோபுர ஆட்டத்தில் நாம் வானத்திலிருந்து பார்ப்பதுபோல் மேலே இருந்து கட்டுவோம். இதில் கட்டியவனே கீழே இறங்கி, தான் கட்டிய மதிலுக்குப் பின்னால் நின்று சண்டை பிடிக்க வேண்டும். அதனால் மதில் ஆடும்போது நம் நெஞ்சும் சேர்ந்து ஆடுகிறது.

பிள்ளைகளுக்கு ஏன் இதில் இவ்வளவு விருப்பம்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. சற்று நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஒவ்வொரு அலைக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது கட்டும் நேரம். பெட்டிகளைத் திறந்து மானா எனும் கற்களைப் பொறுக்கி, அவற்றைச் செலவழித்துக் கோபுரம் கட்டலாம். எந்த வாசலால் எந்த எதிரி வரும் என்பதை ஆட்டம் முன்கூட்டியே காட்டிவிடும். ஆறுதலாக யோசிக்கலாம். எல்லோரும் ஆயத்தம் என்றதும் அலை தொடங்கும். பிறகு யோசிக்க நேரமில்லை, ஓட்டம்தான்.

இந்தத் தாளம் எங்களுக்குப் புதியதன்று. காலபோக நெல் கதிர் முற்றும் நாட்களில் முல்லைத்தீவுப் பக்கமோ வவுனியாவின் காட்டோர ஊர்களிலோ வயற்காவலுக்குப் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். பகல் முழுவதும் வேலியைப் பார்ப்பது, அறுந்த கம்பியை முடிவது, விறகு சேர்ப்பது, யானை வெடியை நனையாமல் வைப்பது, எந்தப் பக்கத்துப் பற்றை அசைந்திருக்கிறது, எங்கே காலடி கிடக்கிறது என்று பார்ப்பது. பொழுதுபட்டதும் காவற்கொட்டிலில் காத்திருப்பு. ஒருவர் காட்டோரம், ஒருவர் வாய்க்கால் பக்கம், ஒருவர் ஊர்ப்பக்கம். யானை எந்தப் பக்கத்தால் வந்தாலும் அந்தப் பக்கத்துக்காரர் குரல் கொடுப்பார். மற்றவர்கள் வெளிச்சத்துடன் ஓடுவார்கள். ஆனால் எல்லோரும் ஓடக்கூடாது. எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் மறுபக்கத்தால் இன்னொன்று இறங்கிவிடும். என் பெரியப்பா இதைச் சொல்லித்தான் என்னை முதல்முறை கொட்டிலில் இருத்தினார். “சத்தம் கேட்டாலும் நீ உன் பக்கத்தை விடாதே” என்றார்.

ஆட்டத்திலும் அதே பாடம். வடக்கு வாசலில் பூதம் வந்துவிட்டது என்று ஒரு சிறுவன் கத்துவான். மூவரும் அங்கே பாய்வார்கள். தெற்கு வாசலால் சின்னஞ்சிறு எதிரிகள் நடந்தே வந்து கல்லை உடைத்துவிடும். இரண்டு மூன்று தடவை இப்படித் தோற்ற பிறகு ஒருவன் தானாகவே சொல்லுவான்: “நீங்கள் போங்கள், தெற்கை நான் பார்க்கிறேன்.” அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து வாய் திறக்காத பிள்ளை அவன். இங்கே மற்ற மூவரின் முதுகும் அவன் கையில் இருக்கிறது. அவன் இல்லாமல் முடியாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது, அவனுக்கும் தெரிகிறது. என் கணிப்பில், இந்த ஆட்டத்தின் இன்பம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஆயுதமும் ஒளியும் வெடிச்சத்தமும் அதற்குப் பின்னால் வருபவை.

இன்னொரு சின்ன விடயம் இதைக் கூர்மையாக்குகிறது. ஒரு கோட்டையில் கட்டக்கூடிய பாதுகாப்புகளுக்கு மொத்தமாக ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை ஆளுக்கு ஒன்றன்று, நால்வருக்கும் பொதுவானது. ஒருவன் தன் ஆசைக்குக் கட்டித் தள்ளினால் மற்றவனுக்குக் கட்ட இடமில்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி. இரணைமடுவில் இவ்வளவு தண்ணீர்தான் இருக்கிறது, சிறுபோகத்தில் யார் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கமக்காரர்கள் கூடிப் பேசித்தானே முடிவெடுக்கிறார்கள்? பிள்ளைகளும் அதேபோல் கதைத்துத்தான் ஆக வேண்டும். “உன் கோபுரம் ஒன்றைக் குறை, நான் அங்கே மதில் வைக்கிறேன்” என்று பத்து வயதுப் பிள்ளை பதினைந்து வயது அண்ணாவிடம் வாதாடுவதை வேறெங்கே கேட்கலாம்?

கோபுரங்கள் தாமாகவே சுடுகின்றனவே, ஆள் எதற்கு?

கிளித்தட்டு ஆடியவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. மறிக்கும் அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. அவர் தன் கோட்டை விட்டு அசைய முடியாது. கிளி மட்டும் எங்கும் ஓடலாம். கோட்டுக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கிளி சோம்பேறி என்றால் தட்டு உடைந்துவிடும். இந்த ஆட்டத்தில் கோபுரங்கள் கோட்டில் நிற்பவர்கள், நாயகன்தான் கிளி. சேதமான மதிலைத் திருத்துவது, கோபுரத்தின் தரத்தை உயர்த்துவது, தூரத்தில் நின்று அம்பெய்யும் எதிரியைத் தேடிப் பிடிப்பது, ஓட்டை விழுந்த பக்கத்துக்குப் பாய்வது எல்லாம் அவன் வேலை.

இதை ஒரு நாள் பலகையில் தட்டுக் கோடு கீறி விளங்கப்படுத்தினேன். அடுத்த கிழமையே ஆட்டம் மாறிவிட்டது.

நான்கு நாயகர்களில் யாரை எடுப்பது?

முதலில் கிடைப்பவர்கள் நால்வர். ஸ்குவையர் வாளும் கேடயமும் ஏந்திய சிறுவன். முள் மதிலும், ஈட்டி எய்யும் பொறியும், பெரிய உருண்டையை உருட்டிவிடும் பொறியும் கட்டுவான். அப்ரென்டிஸ் மந்திரம் கற்கும் மாணவன். தீயும் மின்னலும் வீசும் கோபுரங்கள் அவனுடையவை. ஹண்ட்ரஸ் வேட்டைக்காரி. தரையில் வெடிப்பொறியும் மயக்கும் புகையும் வைப்பாள். மாங்க் துறவி. அவன் எதையும் எழுப்பிக் கட்டுவதில்லை. தரையில் வட்டங்களை விரிப்பான். ஒரு வட்டத்துக்குள் வந்த எதிரி மெதுவாகிவிடும், இன்னொன்றில் நிற்கும் நம் ஆளுக்குக் காயம் ஆறும்.

சிறுவர்கள் எல்லோரும் முதலில் வாள்காரனுக்கே அடிபடுவார்கள். நான் துறவியையே பரிந்துரைப்பேன். அவனுடைய வேலை கண்ணுக்குத் தெரியாது. எதிரி ஒன்றையும் அவன் வீழ்த்தாமல் இருக்கலாம். ஆனால் அவன் விரித்த வட்டத்தில் எதிரிகள் இழுபடும் அந்த ஐந்தாறு நொடிகளில்தான் மற்றவனின் கோபுரம் சுட்டு முடிக்கிறது. வட்டத்தை எடுத்துவிட்டு அதே அலையை ஒருமுறை ஆடிப் பார்க்கச் சொல்வேன். அதன் பிறகு யாரும் துறவியைக் குறைத்துப் பேசியதில்லை.

எதிரிகளிலும் தனித்தனிக் குணங்கள் உண்டு. கோபோல்ட் எனும் குட்டிகள் வெடிபொருளுடன் ஓடிவந்து மதிலோடு மோதி வெடிக்கும். வைவர்ன் என்பவை மதிலுக்கு மேலால் பறந்துவரும், எத்தனை மதில் கட்டினாலும் பயனில்லை. ஓகர் என்பது பெரும் பூதம். எங்கள் பிள்ளைகள் இவற்றுக்குத் தாங்களே பெயர் வைத்திருக்கிறார்கள்: வெடிக்குட்டி, பருந்து, பூதத்தான். ஆட்டத்தில் தமிழ் இல்லை, ஆனாலும் ஆட்டம் தமிழிலேயே நடக்கிறது.

நாயகனை வளர்ப்பதில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு வெற்றியிலும் அனுபவப் புள்ளிகள் சேரும். நிலை உயரும்போது சில புள்ளிகள் கைக்கு வரும். அவற்றை நாயகனின் உடல் வலிமைக்கும் அடிக்கும் வேகத்துக்கும் கொடுக்கலாம், அல்லது அவன் கட்டும் கோபுரங்களின் பலம், எட்டும் தூரம், சுடும் வேகம் ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம். நான் சண்டைக்காரனா, கட்டுபவனா என்ற தெரிவு அங்கே வருகிறது. ஒரே ஸ்குவையரை இரு பிள்ளைகள் வளர்த்தால் இரண்டும் இரு வேறு ஆட்கள்.

வீழ்ந்த எதிரிகளிடமிருந்து தலைக்கவசம், கையுறை, வாள் என்று பொருட்களும் விழும். அவற்றின் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே கூட்டல் கழித்தல் பழகிய பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். இங்கே ஒரு சிக்கலையும் சொல்லத்தான் வேண்டும். விழுந்த பொருள் பொதுவானது, முதலில் எடுத்தவனுக்கே சொந்தம். ஒருமுறை நல்ல வாள் ஒன்றை அது தேவைப்படாத ஒருவன் எடுத்துவிட, இரண்டு மச்சான்மார் ஒரு கிழமை முகம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். அலை முடிந்ததும் எல்லோரும் நின்று, யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆட்டம் இதைக் கட்டாயப்படுத்தாது. நாங்களே போட்ட சட்டம் அது. மீறியவர் இதுவரை இல்லை.

தோற்ற பிறகும் ஏன் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள்?

ஏனென்றால் ஏன் தோற்றோம் என்று தெரிகிறது. வேறு பல ஆட்டங்களில் எதிரியின் கை வேகமாக இருந்தது, அவ்வளவுதான். இதில் தோல்விக்கு ஓர் இடம் இருக்கும். அந்த மூலையில் மதில் இல்லை, அந்தக் கோபுரம் மறுபக்கம் பார்த்து நின்றது என்று விரல் வைத்துக் காட்டலாம். காட்ட முடிந்தால் திருத்தவும் முடியும். நாயகன் வீழ்ந்தாலும் சிறிது நேரத்தில் எழுந்து வருவான், கல் உடைந்தால்தான் தோல்வி. ஆகவே ஒருவனின் பிழை உடனே எல்லோருடைய ஆட்டத்தையும் முடித்துவிடாது. மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கலாம்.

2022இல் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். கடைசி அலையில் பூதம் மதிலில் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப் போன நாட்கள் பல. அந்த இருட்டிலும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. தரையில் சோக்கட்டியால் கோட்டையைக் கீறி, அடுத்த முறை எதை எங்கே வைப்பது என்று கைவிளக்கு வெளிச்சத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

தனியாக ஆட முடியாதா?

முடியும். கட்டும் நேரத்தில் கோட்டையில் உள்ள உலைக்குப் போய் நாயகனை மாற்றிக்கொள்ளலாம். ஸ்குவையராக மதிலைக் கட்டிவிட்டுத் துறவியாக மாறி வட்டம் விரிக்கலாம். புதிர் அவிழ்ப்பதில் பிரியம் உள்ளவர்களுக்கு அதுவும் நன்றாக இருக்கும். எனக்கு அது உப்பில்லாத கஞ்சி.

போரைக் கண்ட மண்ணில் பிள்ளைகளுக்கு இப்படியொரு ஆட்டம் வேண்டுமா?

இந்தக் கேள்வியை ஒரு தாய் கேட்டார். கேட்டபோது அவர் குரல் தளர்ந்திருந்தது. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களை இந்த மண்ணில் கழித்த யாருக்கும் வெடிச்சத்தம் வெறும் சத்தமன்று. அவருக்கு நான் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

மனிதரை மனிதர் சுடும் ஆட்டங்களை என் கணினிகளில் நான் வைப்பதில்லை. இதில் எதிரிகள் கதைப்புத்தகப் பூதங்கள், நிறம் தீட்டிய பொம்மைகள் போன்ற உருவங்கள். இரத்தம் சிந்தும் காட்சிகளை நம்பி இந்த ஆட்டம் நிற்கவில்லை. நாம் யாருடைய ஊருக்கும் படையெடுத்துப் போவதுமில்லை. கதையும் அப்படித்தான். பெரிய வீரர்கள் எல்லோரும் வெளியே போயிருக்கும் வேளையில் கோட்டையில் விடப்பட்ட பிள்ளைகள் தங்கள் வீட்டைத் தாங்களே காக்கிறார்கள். பெரியவர்கள் இல்லாத வீட்டைப் பிள்ளைகள் தாங்கிப் பிடித்த கதை எங்கள் ஊர்களில் எத்தனை வீடுகளில் உண்டு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் எல்லோருக்கும் இது பொருந்தாது. சத்தம் பிடிக்காமல் காதைப் பொத்திய பிள்ளை ஒன்று இருந்தது. வற்புறுத்தவில்லை. ஒலியை முற்றாக நிறுத்தி ஆடிப் பார்த்தோம், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையே வந்து இருந்தது. உங்கள் பிள்ளைக்கு அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சதுரங்கப் பலகையும் என்னிடம் இருக்கிறது.

வெளிநாட்டில் உள்ள உறவினர்களுடன் ஆடலாமா?

இணையம் வழியாக ஆடலாம். ரொறன்ரோவில் உள்ள தன் மச்சாளுடன் ஆடும் மாணவி ஒருத்தி என்னிடம் படிக்கிறாள். கோடையில் எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. இங்கே சனி இரவு எட்டு மணி என்றால் கோடையில் அங்கே காலை பத்தரை. இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. தொலைபேசியில் பெரியவர்கள் “கதை, கதை” என்று கொடுத்தால் “சுகமா”, “ஓம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு கல்லைச் சேர்ந்து காக்கத் தொடங்கிய பிறகு அவர்களுக்குப் பேச விடயம் இருக்கிறது. அங்கே பிறந்த அந்தப் பிள்ளை ‘மதில்’, ‘வாசல்’, ‘கெதியாக வா’ என்ற சொற்களையெல்லாம் இந்த ஆட்டத்தில்தான் பழகியிருக்கிறாள். இணைப்பு சில வேளை இழுபடும். மழைக்காலத்தில் நம்பி இருக்க முடியாது.

இந்த வகை ஆட்டம் எப்படித் தோன்றியது?

1990இல் அட்டாரி வெளியிட்ட ‘ராம்பார்ட்’டில் மதில் கட்டுவதும் காப்பதும் மாறி மாறி வந்தன. 2002இல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’ஐ ஆடியவர்கள் தாங்களே உருவாக்கிய வரைபடங்களில் கோபுரப் பாதுகாப்பு தனி வகையாக வளர்ந்தது. 2007இல் ‘டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்’, 2009இல் ‘பிளான்ட்ஸ் வெர்சஸ் சொம்பிஸ்’ என்று அது வீடுகளுக்குள் வந்தது. ‘டன்ஜன் டிஃபெண்டர்ஸ்’ அதற்குள் நாயகனை இறக்கியது.

கைபேசி மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

2018இல் வந்த ‘புளூன்ஸ் டிடி 6’ ஆட்டத்தைக் கைபேசியில் நால்வர் வரை சேர்ந்து ஆடலாம். நாயகன் இறங்கி ஓடும் விறுவிறுப்பு அதில் குறைவு, ஆனால் கோபுரங்களைப் பகிர்ந்து வைக்கும் பேச்சு அதிலும் உண்டு. ‘டெராரியா’ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி: 2016இல் அதில் ‘டன்ஜன் டிஃபெண்டர்ஸ்’ உலகத்தின் கல்லும் எதிரிகளும் ஒரு நிகழ்வாகச் சேர்க்கப்பட்டன. கணினி இருந்தால் முதல் ஆட்டமே மேல், பழைய மடிக்கணினியிலும் அது ஓடுகிறது.

படிப்புக் கெட்டுப்போகாதா?

அளவு மீறினால் கெடும். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது என் மையத்தில் ஆட்டம் இல்லை. மற்ற நாட்களில் ஒரு கோட்டை, அத்துடன் சரி. கடைசி அலை முடிந்தால் கோட்டை முடிந்தது என்பதால் நிறுத்துவதற்கு ஓர் இயல்பான இடம் இருக்கிறது. அலை நடுவே பிள்ளையை எழுப்பாதீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்வேன். மற்ற மூவரும் அவனை நம்பி நிற்பார்கள். “இந்த அலை முடியட்டும்” என்று காத்திருந்த தகப்பன் ஒருவர், தானும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, “அந்த மூலையை விட்டுவிட்டீர்கள், தம்பி” என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் இருபது வருடமாக வயற்காவல் பார்த்தவர்.

நாங்கள் இருவர்தான். எங்கிருந்து தொடங்குவது?

ஒருவர் ஸ்குவையர், மற்றவர் துறவி. முதல் கோட்டையை இலகுவான தரத்தில் எடுங்கள். கட்டும் நேரத்தில் முதலில் எதையும் கட்டாமல் ஒவ்வொரு வாசலிலிருந்தும் கல் வரைக்கும் நடந்து பாருங்கள், எதிரி நடக்கப்போகும் வழி அதுதான். வழி ஒடுங்கும் இடத்தில் முள் மதில், அதற்கு முன்னால் மெதுவாக்கும் வட்டம், பின்னால் ஈட்டிப் பொறி. யார் எந்தப் பக்கம் என்பதைப் பேசி முடித்துவிட்டு அலையைத் தொடங்குங்கள். கொஞ்சம் மானாவை மிச்சம் வையுங்கள், திருத்துவதற்கு.

கணினி ஒன்றுதான் என்றாலும் கவலையில்லை, திரையை இரண்டாகப் பிரித்து ஆடலாம். விளையாட்டுக் கைப்பிடி ஒன்று தேவைப்படும். எங்களிடம் இரண்டு இருக்கின்றன. சனிக்கிழமை நான்கு மணிக்குப் பிறகு வாருங்கள்.